நவமணியின் இரண்டு கம்பித்தட்டுகள்

தன்னை மாற்றிக்கொள்ளாமல் தன் கையை மட்டும் ஒருவரால் மாற்றிக்கொள்ள முடியுமா? நவமணியின் வாழ்க்கையைப் பார்க்கும்போது இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. அவரிடம் கேட்டால் சிரிப்பார். அவருக்கு அது கேள்வியாக வரவில்லை. கம்பியில் ஒட்டிக் கிழிந்த மீன்தோலாக வந்தது.

நவமணிக்கு ஐம்பத்து மூன்று வயது. எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர். கணவர் இறந்த மறுவருடம், தோட்டத்துச் சாலை கோலசிலாங்கூர் பெருஞ்சாலையில் சேரும் முனையில், கரி அடுப்பு ஒன்றை வைத்து மீன் சுட்டு விற்கத் தொடங்கினார். ஒன்பது வருடம் அதே மரத்தடி. மீனோடு அவர் தரும் மிளகாய்த் துவையலான சம்பலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தித்திப்பு கொஞ்சம் கூடுதல். ஆனால் கெம்போங் எனும் கானாங்கெளுத்தி மீனை அவர் திருப்பிப் போட்டால் தோல் ஓரிடத்தில்கூடக் கிழியாது. கெம்போங் தோல் எவ்வளவு மெல்லியது என்று சுட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கடற்கரைப் பக்கத்துப் பெரிய கடைகளிலேயே அது பாதி கம்பியிலும் பாதி தட்டிலுமாகத்தான் வரும்.

தோல் கிழியாமல் சுடுபவர் என்று அவர் எடுத்த பெயருக்குக் காரணம் கையா, கம்பியா என்பது அப்போது யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.

கம்பி என்றது, அடுப்பின் மேல் மீனைத் தாங்கும் தட்டு. நவமணியிடம் இருந்தது கடையில் வாங்கியதல்ல. அவருடைய தம்பி புனிதன் செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறார். பாய்லரின் நெருப்பைத் தாங்கும் வார்ப்பிரும்புச் சட்டங்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். பழையதைப் பழைய இரும்போடு போட்டுவிடுவார்கள். அதில் பதினொன்றைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டுப் பின்புறம் செங்கல் அடுக்கி அதன்மேல் வரிசையாக வைத்தார் புனிதன். மீனுக்காக அல்ல. தோட்டத்தில் இளம் செம்பனைக் கன்றுகளைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளை அனுமதி வாங்கித் துப்பாக்கியால் சுடுவார்கள். புனிதனுக்கும் ஒரு பங்கு வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பங்கு இந்தச் சட்டங்களின்மேல் வேகும். பல வருடக் கொழுப்பு இரும்பில் இறங்கிக் காய்ந்து, கன்னங்கரேலென்று கண்ணாடி மாதிரி ஒரு படலம் பிடித்திருந்தது. அந்தப் படலத்தில் எதுவும் ஒட்டாது. கடை போடும்போது நவமணி அந்தச் சட்டங்களையே தூக்கிக்கொண்டு வந்தார்.

அதனால் முஸ்லிம்கள் யாராவது வண்டியை நிறுத்தினால், அவர்கள் இறங்குமுன்பே சொல்லிவிடுவார்: "இது உங்களுக்கு ஆகாதுங்க. இந்தக் கம்பியில வீட்டுல பன்னி வாட்டியிருக்கோம்." இதை நேர்மை என்று கொண்டாட எனக்குத் தயக்கம். அந்த வட்டாரத்தில் பலரும் அப்படித்தான் செய்வார்கள். இரவல் கேட்ட சட்டியைக்கூட அதில் என்ன சமைத்தோம் என்று சொல்லித்தான் கொடுப்பார்கள்.

நூருல் அமீனிடமும் அப்படித்தான் சொன்னார். கோலசிலாங்கூர் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் அவர். கெம்போங் மீனைப் பற்றிக் கேள்விப்பட்டு மனைவி சுரையாவோடு வந்திருந்தார். பக்கத்து மேசையில் ஒருவர் முள்ளைப் பிரித்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"முழுசா வருதே தங்கச்சி."

"வரும் பாய். ஆனா உங்களுக்குத் தரமாட்டேன்."

"கேட்டேனா? பார்க்கத்தானே செய்றேன்" என்றார் அவர். இருவரும் இளநீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

மூன்று மாதம் கழித்துச் சாலையை அகலப்படுத்தும் அறிவிப்பு வந்தது. மாத முடிவுக்குள் மரத்தடியைக் காலி செய்ய வேண்டும். புக்கிட் செந்தோசாவில் இருக்கும் மகள் ஷர்மினி, தன் வீட்டுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் துப்புரவு வேலைக்கு ஆள் எடுப்பதாகச் சொன்னாள். விடியற்காலை ஐந்து மணிக்குப் பேருந்து. நவமணியின் முழங்கால் படியேறினாலே முனகும். அந்த வாரம் நூருல் அமீன் மறுபடி வந்தார். அவருடைய கடையின் முன்பக்கம் மீன் சுட்டுக்கொண்டிருந்தவர் ஊருக்குப் போய்விட்டார். இடம் காலி.

"கரி, மேசை, தண்ணி எல்லாம் இருக்கு. மீனு நான் வாங்குறேன். கம்பி மட்டும் புதுசா இருக்கணும். உன் கம்பி வேணாம்."

"அது எனக்கே தெரியும் பாய்."

"இன்னொண்ணு. மீனு முழுசா வரணும். முன்னால இருந்த ஆளு பிச்சுப் பிச்சுக் கொடுத்தான். இப்ப கஸ்டமர் எல்லாம் முதல்ல போட்டோ எடுக்குறான், அப்புறந்தான் வயித்துக்குப் போகுது. பள்ளி லீவு வர்றதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சுட்டுக் காட்டு. சரியா வந்தா இடம் உனக்கு. வரலைன்னா வருத்தப்படாத, வேற ஆளு பார்த்துருவேன்."

மூன்று வாரம் இருந்தது. புதுக் கம்பி வாங்குவது ஒரு வேலையா என்றுதான் நவமணி நினைத்தார்.

முதலில் புனிதன் பழைய குளிர்சாதனப் பெட்டியின் தட்டைத் தூக்கி வந்தார். "ப்ரிட்ஜ் தட்டுக்கா. கரண்டே இல்லாம வேலை செய்யும்." இரண்டாம் நாளே அதன் பளபளப்பு செதில் செதிலாகக் கிளம்பியது. ஒரு செதில் மீனோடு வந்தது. தூக்கி எறிந்தார்கள். அடுத்து வேலிக்கு அடிக்கும் கம்பி வலை. துத்தநாகம் பூசியது, துருப்பிடிக்காது, மலிவு. கரி நன்றாகக் கனன்றதும் வலையின்மேல் வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ பூத்தது. நவமணி மீனை வைக்கவே இல்லை. ஆலையில் துத்தநாகம் பூசிய குழாய்களை வெல்டிங் செய்த நாட்களில், தம்பி குளிர்க்காய்ச்சல் வந்து நடுங்கிக் கிடந்ததை அவர் பார்த்திருக்கிறார். வலை வேலிக்கே போனது.

எனாமல் பூசிய தட்டு ஒன்று பார்க்க அழகாக இருந்தது. இடுக்கி தவறி விழுந்ததில் ஒரு மூலை பெயர்ந்தது. பெயர்ந்த இடத்தில் மறுநாளே துரு. புதிய வார்ப்பிரும்பு வாங்கலாம் என்று தோன்றியது. ஆனால் புதிய இரும்பில் படலம் பிடிக்க மாதக்கணக்கில் எண்ணெய் ஊட்ட வேண்டும். அவருடைய மசாலாவில் புளி அதிகம். இளம் படலத்தைப் புளி அரித்துவிடும். கடல் உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மூன்று வாரத்தில் ஆகிற காரியமல்ல.

கடைசியில் மிஞ்சியது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். புனிதன் பென்சில் பருமனுள்ள கம்பிகளை வாங்கி, நெருக்கமாகப் பற்றவைத்து ஒரு தட்டு செய்து கொடுத்தார். துருவில்லை, செதிலில்லை, புளிக்கும் உப்புக்கும் அஞ்சாது. சுத்தமாகத் தேய்த்துவிட்டால் நேற்று என்ன சுட்டோம் என்ற அடையாளமே இருக்காது.

ஆனால் மீன் ஒட்டியது. முதல் நாள் ஐந்து மீன், ஐந்தும் கிழிந்தன. கம்பிக்கு எண்ணெய் தடவினார், புகைந்து பிசினாகியது. வாழையிலை போட்டார்; மீன் வெந்ததே தவிரச் சுட்ட மீனாகவில்லை. வெங்காயத்தால் தேய்த்தார். இரண்டாம் வாரமும் முடிந்தது. ஒன்பது வருடமாகத் தன் கைக்கு வந்த பாராட்டெல்லாம் உண்மையில் பாய்லர்ச் சட்டத்துக்கு வந்தது என்று அவருக்குப் புரியத் தொடங்கியது. அது சுகமான அறிவல்ல. ஷர்மினியைக் கூப்பிட்டு, அந்தத் தொழிற்சாலையில் இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டார்.

திருப்பம் ஒரு சண்டையில் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. வீட்டுப் பின்புறம் அடுப்பில் ஒரு கெம்போங். நவமணி அந்தத் தட்டை ஏதோ மருமகளைத் திட்டுவதுபோலத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஸ்டீல ஏன்க்கா திட்டுற? அது என்ன பண்ணும்? நீ பாய்லர் கம்பியோட குடும்பம் நடத்துனவ. புதுசு வந்தா இப்படித்தான் இருக்கும்" என்றார் புனிதன்.

"வாயை மூடுடா. வேலிக் கம்பியக் கொண்டாந்து என்னைக் கொல்லப் பார்த்தவன்தானே நீ."

"கொல்லவா? சும்மா கொடுத்தேன்லா! காசு கேட்டேனா?"

"காசு வேற கேப்பியா? ப்ரிட்ஜ் தட்டக் கொடுத்தவனுக்குப் பேச்சப் பாரு."

அது ப்ரிட்ஜில் தொடங்கி, அம்மாவின் தையல் மிஷினை யார் எடுத்துக்கொண்டது என்பதுவரை போனது. தையல் மிஷினுக்கு வந்தபோதுதான் நவமணிக்கு மீன் நினைவு வந்தது. பதறிப்போய் இடுக்கியை அடியில் கொடுத்தார். மீன் எதிர்ப்பே இல்லாமல் எழும்பி வந்தது. வாலிலிருந்து தலைவரை தோல் முழுசாக இருந்தது, கம்பியின் கோடுகள் மட்டும் பழுப்பாக விழுந்திருந்தன.

இருவரும் குனிந்து மீனைப் பார்த்தார்கள்.

"எவ்வளவு நேரம் சண்டை போட்டோம்?" என்று கேட்டார் நவமணி.

"எந்த இடத்துலேர்ந்து கணக்கு?"

காரணம் பின்னால் விளங்கியது. கனத்த வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஈர மீன் விழுந்தாலும் அசராது. மெல்லிய எஃகு ஈரம் பட்டவுடன் குளிர்ந்துவிடும். திரும்பச் சூடேறி, தோலின் ஈரம் வற்றி, அது இறுகும்வரை மீன் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். பிறகு தானாக விட்டுவிடும். நவமணி பழைய அடுப்பில் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிகிற நேரத்தில் மீனைத் திருப்பிப் பழகியவர். புதிய தட்டிலும் அவர் கை அதே நேரத்தில் தானாகப் போய்க்கொண்டிருந்தது. எஃகுக்கு ஐந்து பழம் பிழிகிற நேரம் தேவைப்பட்டது.

தெரிந்துகொள்வது ஒன்று, கை அதைக் கேட்பது வேறொன்று. மீதி நாட்களில் அவர் செய்த பயிற்சி முழுவதும் இடுக்கியைக் கீழே வைக்கும் பயிற்சிதான். மீனைத் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்தார், எண்ணெயைக் கம்பிக்குப் பதிலாக மீனுக்குத் தடவினார், தட்டை வெறுமனே நன்றாகக் காயவைத்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது என்று பின்னால் சொன்னார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து நூருல் அமீன் கடைக்கு வந்தபோது கரி தயாராக இருந்தது. சுரையா அடுப்பருகே நின்றார். முதல் மீனில் கை முந்திக்கொண்டது. வால் கம்பியிலேயே தங்கிவிட்டது.

நூருல் அமீன் தட்டைப் பார்த்தார். "வால் எங்க தங்கச்சி?"

"நான்தான் தின்னுட்டேன்னு வச்சுக்கங்க பாய்."

அவர் சிரிக்கவில்லை. நவமணி எஃகுத் தட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கரியைக் கிளறி, இரண்டாவது மீனை வைத்தார். இடுக்கியைச் சுரையாவின் கையில் கொடுத்துவிட்டார்.

"மணியக்கா, புகை வருது."

"வரட்டும்."

"கருகுதுக்கா!"

"கருகலைலா. நான் கேட்டாலும் இப்ப கொடுக்காத."

அவர் ஒருமுறை கை நீட்டவும் செய்தார். சுரையா இடுக்கியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு நவமணி நிதானமாக, "இப்பக் கொடு" என்றார். மீன் முழுசாக எழும்பியது. மூன்றாவதும் அப்படியே. நூருல் அமீன் இரண்டையும் மேசைக்கு எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். பாதி சாப்பிட்டபிறகு, "சம்பல் தித்திப்பா இருக்கு. அதை சுரையா பார்த்துக்குவா. நீ லீவுக்கு முந்தின நாளே வந்துரு" என்றார்.

தொழிற்சாலைப் பேருந்தைப் பற்றி ஷர்மினி அதன்பிறகு கேட்கவில்லை. பள்ளி விடுமுறையில் கடை முன்னால் மேசை போதவில்லை. மலாய்க்காரர், சீனர், தமிழர் என மூன்று இனத்தாரும் ஒரே அடுப்பிலிருந்து மீன் வாங்கினார்கள். ஒன்பது வருடம் வண்டியை விட்டு இறங்குமுன்பே அவர் திருப்பி அனுப்பியவர்களில் சிலரும் வந்திருக்கக்கூடும். அவர் முகங்களை நினைவில் வைத்திருக்கவில்லை.

தோட்டத்திலிருந்து பழைய வாடிக்கையாளர்களும் தேடி வந்தார்கள். மீன் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த இரும்பு வாசம் இல்லை என்றார்கள். இது நூருல் அமீன் காதுக்குப் போனது. அவர் மார்க்கம் அறிந்தவரிடம் கேட்டுவிட்டு வந்து சொன்னார்: "உன் பழைய கம்பியச் சமாக் பண்ணிச் சுத்தமாக்கிடலாமாம் தங்கச்சி. பழைய எண்ணெயெல்லாம் அடியோட சுரண்டிட்டு, ஏழு தண்ணி ஊத்திக் கழுவணும், அதுல ஒண்ணு மண்ணு கலந்தது. அப்புறம் யாருக்கும் ஆகும். நீயே திரும்ப எண்ணெய் ஊட்டிக் கருப்பாக்கிக்க. எத்தனை மாசம் ஆனாலும் சரி, எனக்கு அவசரமில்ல."

சாதாரணமாகச் சொல்லப்பட்ட பெரிய வார்த்தை அது. நவமணி தலையசைத்தார். திங்கட்கிழமை மத்தியானம் என்று பேச்சு. புனிதன் ஆலையில் அரைநாள் விடுப்புக் கேட்டு வாங்கினார். பதினொரு சட்டத்தையும் ஒருவர் தூக்க முடியாது. சுரையா ஒரு வாளியில் சுத்தமான செம்மண் சலித்து வைத்திருந்தார், பின்வாசலில் குழாய்த் தண்ணீரும் தயார்.

நவமணி மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தார்.

"இரும்பு எங்கக்கா? புனிதன் அண்ணன் லோரியில கொண்டு வர்றாரா?" என்று கேட்டார் சுரையா.

"வீட்டுல இருக்கு."

"எப்ப வருது?"

"வரலைலா. அது வீட்டுலயே கருப்பா இருக்கட்டும்" என்றார் நவமணி. வாளியைத் தூக்கி, செம்மண்ணைப் பின்வாசல் துளசிச் செடிக்கும் கறிவேப்பிலைக்கும் பங்கிட்டுக் கொட்டினார். கை கழுவிக்கொண்டு முன்பக்கம் போய்க் கரியை மூட்டி, எஃகுத் தட்டைக் காயவைத்தார். அதன்பிறகு சுரையா இரண்டு தடவை கேட்டார், புனிதன் பல தடவை கேட்டார். அதற்குமேல் அவர் காரணம் சொன்னதில்லை.