சாமிக்குப் போட்ட பலகை

பிரிக்பீல்ட்ஸில் சேலைக் கடையை விட்டு வெளியே வந்து ரயில் பிடிக்க நடந்துகொண்டிருந்தேன். கடைப் பெண் பின்னால் ஓடி வந்து, "அக்கா, உங்க செருப்பு!" என்றாள். இடது காலில் செருப்பு இல்லை. கொதிக்கும் தார் ரோட்டில் வெறுங்காலுடன் நடந்திருக்கிறேன், சுடவே இல்லை. "மறந்துட்டேன் லா" என்று சிரித்துக்கொண்டே வாங்கி மாட்டினேன்.

அந்த வாரமே இரண்டு கால்களும் போயின. தண்டுவட அழற்சி (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டு வீங்கிப்போவது, மூளை சொல்வது காலுக்குப் போய்ச் சேராது) என்றார்கள். ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) ஏற்றினார்கள். பிறகு மாதக்கணக்கில் பயிற்சி.

"நடப்பேனா டாக்டர்?"

"கொஞ்சம் திரும்பி வரலாம் அக்கா. எவ்வளவுன்னு இப்ப சொல்ல முடியாது. கையை நல்லா வலுவாக்கிக்குங்க."

கட்டை விரல் அசைந்தது. அதோடு நின்றுவிட்டது. இதே நோயோடு இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது அதற்கு மேல் அசைவு வந்திருந்தால் சந்தோஷம். கொஞ்சம் பொறாமையும்தான்.

நான் நடக்க ஏங்குகிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் ஏங்கியது எங்கள் ஊர் மேருவில் இருக்கும் கோயிலின் வெள்ளிக்கிழமைத் தேவாரத்துக்கு. மண்டபத்தில் தூண் ஓரமாக என் இடம். பெரிய குரல் ஒன்றும் இல்லை; ஆனால் எல்லாரும் மூச்சு வாங்கும் இடத்தில் பாட்டின் அடுத்த அடியை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அந்த இடம் நினைவுக்கு வந்தால் வாய் தானாக அசையும்.

வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமையே என் கணவர் முரளி கூட்டிப்போனார். எல்லாரும் கால் கழுவும் குழாயில் என் சக்கர நாற்காலியின் சக்கரங்களைக் கழுவினார். எதிரே மூன்று படி. முன்பு அங்கே படி இருப்பதே எனக்குத் தெரியாது.

கோயில் தலைவர் ராஜு அண்ணே ஓடி வந்தார். "எதுக்கும்மா கவலை? நாங்க நாலு பேர் தூக்கிடுறோம் லா!"

"நாலு பேர் தூக்குற நாள் வரும் அண்ணே. இப்பவே ஒத்திகை வேணாம்."

அவர் முகம் சுருங்கிப்போனது. "கோயில் வாசல்ல பேசற பேச்சா இது?" என்று முரளி பல்லைக் கடித்தார். எனக்கும் வருத்தம்தான், தங்கமான மனிதர். ஆனால் தூக்கும்போது யார் கை எங்கே படுகிறது என்று இடுப்புக்குக் கீழே எனக்குத் தெரியாது. அதை அந்த வாசலில் வைத்து எப்படிச் சொல்வது?

குழாயடியிலேயே இருந்து கேட்டேன். மூச்சு வாங்கும் இடம் வந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் எடுத்தேன், அது உள்ளே போய்ச் சேரவில்லை.

பல வெள்ளிக்கிழமைகள் இப்படியே போயின. பிறகு திருவிழா வந்தது. உற்சவரைச் சின்னச் சக்கர வண்டியில் வைத்து ரதத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று படியையும் மூடி ஒரு நீளப் பலகை. சாமி குலுங்காமல் இறங்கி வந்தது. நான் கும்பிட மறந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, இந்தப் பலகை வருஷம் பூரா எங்க இருக்கு?"

"ஸ்டோர்லதான் லா. ஏன்மா?" என்றவருக்குச் சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. "ஐயையோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பலகை காத்திருந்தது. தள்ள வந்த கைகளை வேண்டாம் என்றேன். தோள் நடுங்க, மூச்சு இரைக்க, நானே ஏறினேன். தூண் ஓரம் போய் நாற்காலியை நிறுத்தினேன். அந்த அடியை எடுத்துக் கொடுத்தபோது குரல் உடைந்தது; யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

அதற்கடுத்த வாரம் பலகை மறுபடியும் ஸ்டோரில். "நீ வருவியான்னு தெரியல மா. ஒரு போன் போட்டிருந்தா எடுத்துப் போட்டிருப்பேன்" என்றார் அண்ணே.

இப்போது போன் போட்டுவிட்டுத்தான் போகிறேன். நினைத்த நேரத்தில் கிளம்பிப் போவது என் கையில் இல்லை. முன்பு பாதத்தோடு முடிந்த உடம்பு இப்போது சக்கரத்தோடு முடிகிறது; அதற்குப் பழகிவிட்டேன். கட்டை விரலைக்கூட அதிகம் நினைப்பதில்லை. ஆசை ஒன்றுதான். காய்ச்சலில் படுத்து நான் போகாத வெள்ளிக்கிழமையிலும் அந்தப் பலகை அந்தப் படியிலேயே கிடக்க வேண்டும், யாருக்கு என்று யாரும் கேட்காமல்.