தார்ப்பாய்க்கு வெளியே பெய்த மழை

கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தது ஐந்தாவது வரைதான்.

நாரணாபுரம் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஒரு கல்லூரி மாணவி நாங்கள் வெடி காயவைக்கும் களத்தில் ஒரு கருவியை வைத்துவிட்டு, "பத்திரமா பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லிப் போனார். அது எதற்கு என்று கேட்கக் கூச்சமாக இருந்தது.

தீபாவளி முடிந்து வந்து திறந்து பார்த்தார். "இங்கன மழையே பதிவாகல. செயற்கைக்கோள் நல்ல மழைங்குது. செயற்கைக்கோளை நம்பி ஆத்தோர ஊருகளுக்கு வெள்ள எச்சரிக்கை குடுக்க முடியாதுன்னு எழுதப்போறேன்" என்றார்.

மேகம் கறுத்தால் காயும் வெடிகளைத் தார்ப்பாய் போட்டு மூடுவோம். பத்திரமாக இருக்கட்டும் என்று அந்தக் கருவியையும் மூடியிருந்தேன்.

"மழை பேஞ்சதும்மா. நாந்தான் மூடிட்டேன்."

பக்கத்தில் நின்ற போர்மேன் சிரித்தார். "ஏலே, மழைய அளக்க வச்சதுக்குக் குடையா புடிச்ச?"

மாணவி சிரிக்கவில்லை. "எந்தெந்த நாளுன்னு நெனவிருக்கா?"

"இல்லம்மா."

மூடிய நாள் எது என்று தெரியாததால், அந்த மழைப் பருவத்துக் கணக்கு முழுவதையும் அடித்துவிட்டார். "சொன்னீகளே, அது போதும்" என்றார்.

முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என் கூச்சம் என்னோடு போகும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்; அது ஆற்றோர ஊர்களின் வெள்ள எச்சரிக்கை வரைக்கும் போக இருந்தது.

எழுதியது கார்த்திகை இரண்டாம் தேதி.