பெண்கள் பக்கத்து லென்ஸ்

ஷம்ஸியாவுக்குக் கை நடுங்குகிறது என்று ஸ்டுடியோ முதலாளி காந்திமதிநாதன் சொன்னபோது, அவளுடைய வலது கை அவர் மேஜைமேல் இருந்த ஆல்பத்தின் மீது பாறாங்கல் மாதிரி கிடந்தது. துளி நடுக்கம் இல்லை.

"எத்தனை நாளாம்மா இப்படி இருக்கு? சுகர் கிகர் பாத்தியா?" அவர் குரலில் அக்கறை வழிந்தது.

"எனக்கு சுகரும் இல்ல, உப்பும் இல்ல அண்ணாச்சி."

"பொறவு எப்படிக் கல்யாணப் பொண்ணு மூஞ்சி கலங்கிப்போவும்? அந்த ஆல்பத்த இங்கன தா, பாத்துச் சொல்லுதேன்."

கை நகரவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் மணப்பெண் நஃபீஸத்தின் உம்மா உட்கார்ந்திருந்தார். ஆல்பத்தைப் பூப்போட்ட துப்பட்டாவில் சுற்றி, மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டை வரை பச்சைப்பிள்ளையைத் தூக்கிவருவதுபோல் மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்தவர். மகளின் நிக்காஹ் படங்கள் அதற்குள் இருந்தன. மகள் அதைப் புரட்டிவிட்டு இரண்டு நாள் சோறு திங்கவில்லை.

"அத நீங்க பாக்கக் கூடாதுல்லா" என்றார் அவர், காந்திமதிநாதனிடம். "அப்படித்தான பேச்சு?"

அப்படித்தான் பேச்சு. மண்டபத்தில் திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் முக்காடு விலக்கி, நகை மினுக்கி, குலவை போட்டு, ஆடக்கூட ஆடுவார்கள். அங்கே எடுத்த படம் ஆண் கண்ணில் படாது என்று ஷம்ஸியா வாக்குக் கொடுத்தால்தான் கேமரா உள்ளே போகும். படம் பதிந்த மெமரி கார்டு ஸ்டுடியோவுக்கு வராது. திருத்துவது, அச்செடுப்பது எல்லாம் அவள் வீட்டில். ஆல்பம் கட்டுவது அடுத்த தெருவில் ஒரு பெண். கேமராவும் லென்ஸும்தான் ஸ்டுடியோவினுடையவை. இத்தனை வருஷத்தில் அவள் எடுத்த ஒரு படத்தையும் அவளுடைய முதலாளி பார்த்ததில்லை. மேலப்பாளையத்தில் அவளை ஒரு வீடு விடாமல் கூப்பிட்டது அதனால்தான்.

"சரி" என்றார் காந்திமதிநாதன், நாற்காலியில் சாய்ந்து. "பாக்காம குத்தம் ஆரு மேலன்னு எப்படிச் சொல்ல? ஒண்ணு செய்வோம். இனிமே கார்ட எங்கிட்ட கொண்டாந்து குடுக்கட்டும். நானே பாத்துச் சரிபண்ணுதேன். இல்லன்னா வேற ஆள அனுப்புதேன். எம் பேரும் கெடக் கூடாதுல்லா?"

நஃபீஸத்தின் உம்மா எழுந்தார். இளைய மகளுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். ஷம்ஸியாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"வெள்ளிக்கிழம வாரேன். உங் கையா, அவிய கேமராவான்னு எனக்குத் தெரியணும். கைன்னா சொல்லிரு புள்ள, வேற ஆள் பாத்துக்கிடுதேன். மனசுல ஒண்ணும் வைக்க மாட்டேன்."

வைக்க மாட்டாராம். தெருவில் வைப்பார்கள். கை நடுங்குகிற போட்டோக்காரியை எவர் கூப்பிடுவார்? கார்டை ஸ்டுடியோவில் கொடுக்கிற போட்டோக்காரியை எவர் வாசல் ஏற்றுவார்? இந்தப் பக்கம் போனாலும் பிழைப்பு போச்சு, அந்தப் பக்கம் போனாலும் போச்சு.

*

ஷம்ஸியா பிறந்தது பத்தமடை. கட்டிக்கொடுத்தது மேலப்பாளையம். கணவன் ஜாகிர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். பேச்சு குறைவு, ஹாரன் அதிகம். கல்யாணமான புதிதில் மைத்துனியின் வளைகாப்பில் யாரோ கையில் திணித்த சின்னக் கேமராவில் அவள் எடுத்த படங்கள் வீடு வீடாகப் போயின. "இவ எடுத்தா மூக்கு சப்பையாத் தெரியல" என்று பெண்கள் சொன்னார்கள். அதுதான் அவள் வாங்கிய முதல் பட்டம். மற்றதெல்லாம் கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றாள். மணப்பெண் தலை குனிந்து அழுகிற அந்த நொடி, உம்மாவின் கை மகள் தாடையைத் தூக்குகிற அந்த நொடி, நூறு பெண்கள் முண்டியடிக்கிற கூட்டத்தில் முழங்கையால் இடம் பிடித்து எடுக்க வேண்டும். திரும்பக் கேட்டால் கிடைக்காது.

நஃபீஸத்தின் நிக்காஹ் அன்று எல்லா நொடியும் அவளுக்குக் கிடைத்தது. கேமராவின் பின்னால் இருக்கும் சின்னத் திரையில் எல்லாம் தெளிவாகத்தான் தெரிந்தது. வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தாள். நெற்றிச்சுட்டி பளிச்சென்று இருந்தது, மூக்குத்தி மின்னியது, கண்கள் இரண்டும் ஆவி படிந்த கண்ணாடி. அன்றிலிருந்து அவள் செய்ததை நினைத்தால்தான் அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது. காலையில் எழுந்ததும் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டாள். நடுங்குகிறதா என்று.

அவர் சொல்வதற்கு முன்பே அவள் அதை நம்பியிருந்தாள்.

*

ஸ்டுடியோவிலிருந்து வீட்டுக்கு வந்ததும் கேமராப் பையைக் கட்டிலில் எறிந்தாள். பிறகு, எறிந்ததற்காக எடுத்துத் தடவிப் பார்த்தாள். பீரோவுக்கு மேலிருந்து தன் கல்யாணப் பாயை இறக்கினாள்.

பத்தமடையில் கல்யாணத்துக்கு நெய்கிற பட்டுப்பாய். தலைமாட்டில் 'ஷம்ஸியா', அதற்குச் சாண் கீழே 'ஜாகிர்', இரண்டுக்கும் நடுவில் நூல் நூலாகக் கோடுகள். கோரையை முடிமாதிரி கிழித்து நெய்த கோடுகள். ஒன்று மங்கினாலும் கண்ணுக்குத் தப்பாது. பாயைத் தரையில் விரித்தாள். தன் பெயருக்கு நேர் பக்கத்தில் ஒரு தேயிலை அட்டைப்பெட்டியை நிறுத்தினாள். கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, ஜாகிர் பெயர் முன்னாலும் தன் பெயர் பின்னாலும் வருகிறமாதிரி, மணப்பெண்ணுக்கு முன்னால் வழக்கமாக நிற்கிற தூரத்தில் வைத்தாள். கேமராவின் பார்வைத் துவாரத்தில் கண் வைத்து, பெட்டியின் முகத்தில் ஆட்டோஃபோகஸைப் பூட்டினாள். டைமரைத் தட்டிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். இப்போது நடுங்கட்டும், பார்ப்போம்.

படத்தைப் பெரிதாக்கினாள். பெட்டி மங்கல். 'ஷம்ஸியா' மங்கல். அதற்கு முன்னால், ஜாகிர் பக்கமாய்ச் சரிந்த கோடுகள் கத்தி மாதிரி தெளிவு.

மறுபடி எடுத்தாள். அதே. லென்ஸைக் கழற்றி மாட்டி எடுத்தாள். அதே.

"எம் பேருல வச்சா உம்ம பேருக்குல்லா ஓடுது" என்று உள்ளே வந்த ஜாகிரிடம் கத்தினாள். "பாயிலயும் ஆம்பளைக்குத்தான் தெளிவு!"

ஜாகிர் பாயையும் பெட்டியையும் மனைவியையும் பார்த்தான். "தேயில தீந்துட்டா?" என்றான்.

கடைசியாக ஒரு சோதனை மிச்சமிருந்தது. துவாரத்தில் கண் வைத்து எடுக்கும்போது தூரத்தை அளப்பது கேமராவின் வயிற்றுக்குள் இருக்கும் தனிக் கருவி. பின்திரையைப் பார்த்து எடுத்தால் படம் விழுகிற இடமே தூரத்தை அளந்துகொள்ளும். பின்திரையில் பூட்டி எடுத்தாள். தேயிலைப் பெட்டியில் அச்சடித்த பொடி எழுத்துகூடப் படிக்கக் கிடைத்தது. அதே கை, அதே லென்ஸ், அதே பாய்.

லென்ஸ் அந்தத் தனிக் கருவியோடு ஒத்துப்போகவில்லை. சொல்கிற இடத்துக்கு முன்னாலேயே போய் நிற்கிறது. போன வருஷம் இதே லென்ஸ் இப்படி இல்லை. தலைப்பிறை மாதிரி தெளிவாக எடுத்தது. ஆண்கள் பக்கத்தில் எடுக்கிற ஹெப்ரானிடம் கோடை முழுக்க இருந்துவிட்டுத்தான் திரும்பி வந்தது. ஜன்னலில் பிடித்துத் திருப்பினாள். முன் வளையத்தில் ஒரு நசுங்கல். அதன்மேல் மார்க்கர் பேனாவால் கறுப்பு மை. விரலால் தேய்த்தாள். மை வந்தது. அடியில் வெள்ளையாய் உலோகம்.

*

ஹெப்ரான் மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் அகப்பட்டான். மை ஒட்டிய விரலை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"ஏலே, என்னலே இது?"

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அக்கா, சத்தம் போடாதிய."

"போடுவேன்."

"ஸ்ரீவைகுண்டத்துல ஒரு கல்யாணம். மேடையில நிக்கேன், ஒருத்தன் மாலையத் தூக்கிட்டு வந்து இடிச்சிட்டான். லென்ஸு கீழ போயிட்டு. நான் அண்ணாச்சிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். சர்வீஸுக்கு அனுப்புவோம்னேன்."

"அவிய என்ன சொன்னாவ?"

ஹெப்ரான் தெருவைப் பார்த்தான்.

"சொல்லுலே."

"'பொம்பளப் பக்கத்துக்குக் குடுத்துரு. அந்தப் படத்த ஆரு பாக்கப் போறா'ன்னாவ."

ஆண்கள் பக்கத்துப் படம் கடை வாசல் கண்ணாடிக்குள் தொங்கும். அதற்குப் புது லென்ஸ். திரைக்குப் பின்னால் எடுக்கிற படம் வெளியே வராது. அதற்கு மேடையிலிருந்து விழுந்த லென்ஸ். அவள் கட்டிக்காத்த வாக்கின் நிழலிலேயே அந்தப் பழுதை ஒளித்துவைத்திருக்கிறார். அவள் ஆல்பத்தைத் திறக்க மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அந்த தைரியத்தில்தான் 'ஆல்பத்த இங்கன தா' என்று கேட்டார்.

"எம் பேரச் சொல்லிராதிய அக்கா. பொழப்பு."

"ஒம் பொழப்பு ஒனக்கு. எனக்கு மட்டும் என்ன, பொழுதுபோக்கா?"

*

வெள்ளிக்கிழமை ஸ்டுடியோவில் நஃபீஸத்தின் உம்மா வந்து உட்கார்ந்ததும் ஷம்ஸியா கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, காந்திமதிநாதனுக்கு நேரே நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, ஆல்பம் வேண்டாம். உங்களையே ஒரு படம் எடுக்கேன். உங்களைப் பாக்க எல்லாருக்கும் உரிமை உண்டுல்லா?"

அவர் சிரித்துக்கொண்டே சட்டைக் காலரைச் சரிசெய்தார். படம் என்றால் யாருக்குத்தான் ஆசையில்லை. துவாரத்தில் கண் வைத்து, அவர் கண்ணில் பூட்டி, டைமரைத் தட்டிவிட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். அடுத்து, அவரை அசையவிடாமல், பின்திரையில் பூட்டி இன்னொன்று. இரண்டையும் அவருடைய கம்ப்யூட்டரிலேயே பக்கத்தில் பக்கத்தில் போட்டாள்.

முதல் படத்தில் காந்திமதிநாதனின் மூக்கு நுனியில் இருந்த வேர்வைகூடத் தெரிந்தது. கண்கள் குழம்பிக் கிடந்தன. இரண்டாவதில் இமைமயிரை எண்ணலாம்.

"எம் மவ மாதிரியே இருக்கிய" என்றார் நஃபீஸத்தின் உம்மா, முதல் படத்தைப் பார்த்து.

"லென்ஸுன்னா கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும்மா..."

"முன்னதான் இருக்கு அண்ணாச்சி. பின்ன இல்ல." ஷம்ஸியா லென்ஸைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "இந்த நசுங்கல்ல மை தடவுனது ஆரு?"

மூலையில் ஹெப்ரான் ஒரு வயரை மிகுந்த கவனத்தோடு சுருட்டிக்கொண்டிருந்தான்.

"என்னைக் கூப்பிட்டு 'லென்ஸு கீழ விழுந்துட்டு'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கேமராவுக்குள்ளயே ஒத்து வைக்க ஒரு இடம் இருக்கு, ஒரு மணி நேரத்துல நானே சரிபண்ணியிருப்பேன். சொல்லல. சுகர் பாத்தியான்னு கேட்டிய."

"இப்பந்தான் தெரியுதுல்லா? சரிபண்ணிட்டுப் போயேன். இதுக்கு எதுக்கு இவ்வளவு சத்தம்? அந்தப் படத்த வெளிய ஆரு..."

பாதியில் நிறுத்தினார். நிறுத்தியிருக்க வேண்டாம், முழுசும் கேட்டுவிட்டது.

"நாங்க பாப்போம்" என்றாள் ஷம்ஸியா. அவள் குரல்தான் இப்போது நடுங்கியது, அதைப்பற்றி அவளுக்குக் கவலையில்லை. "நஃபீஸத் பாப்பா. அவ உம்மா பாப்பாவ. நாளைக்கி அவ புள்ள பாக்கும். எங்களுக்கெல்லாம் கண்ணு இல்லன்னு நெனச்சியளோ?"

கேமராவையும் அவர் மேஜையிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். படியில் நஃபீஸத்தின் உம்மா அவள் முழங்கையைப் பிடித்தார்.

"சின்னவ நிக்காஹ் ஒனக்குத்தான். ஆனா இந்தக் கட கேமரா எங்க வாசல்ல ஏறக் கூடாது."

*

அதனால் ஷம்ஸியா ஜங்ஷன் பக்கம் பழைய கேமரா விற்கிற கடைக்குப் போனாள், அக்குளில் பாயை இடுக்கிக்கொண்டு.

"பாயி வேண்டாம்க்கா, வாங்கியாச்சு" என்றான் கடைக்காரன், தலை தூக்காமல்.

"பாய் விக்க வரல. லென்ஸ் வாங்க வந்தேன்."

அவன் நீண்ட லென்ஸ் ஒன்றைக் கையில் தந்தான். சிவப்பு வளையம், ஒரு படி அரிசி கனம். "மெட்ராஸ்ல கல்யாணத்துக்கெல்லாம் இதுதான். கையில வச்சிருந்தாலே ஒரு மரியாத."

"நான் போற எடத்துல எனக்கு மரியாத இருக்கு. வெளிச்சந்தான் கெடயாது." கடைத் தரையில் பாயை விரித்தாள். வாடிக்கையாளர்கள் காலை எடுத்து வழிவிட்டார்கள். அந்தச் சிவப்பு வளைய லென்ஸ் மண்டப இருட்டில் திண்டாடும் என்று இரண்டாவது படத்திலேயே தெரிந்தது. அடுத்த லென்ஸில் 'ஷம்ஸியா' நடுவில் தெளிவு, ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் குழைவு. "இது எங்கயோ விழுந்த சாமான்." கடைக்காரன் மறுக்கவில்லை. கடைசியில் அவள் எடுத்தது, தனிக் கருவி ஏதும் இல்லாமல் படம் விழுகிற இடத்திலேயே தூரம் அளக்கிற மிரர்லெஸ் கேமரா ஒன்றும், பார்க்க ஒரு கவர்ச்சியும் இல்லாத சின்ன லென்ஸும். தன் பெயரில் வைத்தால் தன் பெயரில் நின்றது. அது போதும்.

அன்றைக்கே காந்திமதிநாதன் போன் செய்தார். "ஏம்மா, அந்த லென்ஸ ஒத்து வைக்கது எந்த எடத்துலன்னு மட்டும் சொல்லிரேன்."

"மெனுவுக்குள்ளதான் இருக்கு அண்ணாச்சி. கை நடுங்காம தேடுங்க."

*

இளையவளின் நிக்காஹ் அன்று எல்லாப் படமும் தெளிவாக விழுந்தது. கண்ணீர் இமையில் தொங்குவதுகூட. பெண்களில் பாதிப்பேர் பந்திக்குப் போன நேரத்தில் நஃபீஸத் வந்து நின்றாள். தன் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அதே நெற்றிச்சுட்டி.

"லாத்தா, என்னயும் ஒண்ணு எடுங்க."

ஷம்ஸியா எடுத்தாள். பெரிதாக்கிக் காட்டினாள். ஒவ்வொரு இமைமயிரும் தனித்தனியாய் நின்றது. நஃபீஸத் குனிந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா இது இன்னைக்கு உள்ள மூஞ்சிதான லாத்தா."

காந்திமதிநாதன்மேல் இருந்த ஆத்திரம் ஷம்ஸியாவுக்கு மறுபடி ஏறியது. அது ஆறட்டும் என்று அவள் விடவில்லை. உள்ளே யாரோ மணப்பெண்ணின் தாடையைத் தூக்குவது தெரிந்தது. கேமராவைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் முழங்கையை நுழைத்தாள்.