ஆதாரமாக வைத்த பேட்ஜ்

சித்தூர்ப் பூங்காவில் போர் நினைவுத் தூணைச் சுற்றிக் கூட்டுவது சுலோசனாவின் வேலை. புத்தலப்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள். தூணில் பதினோரு பெயர்கள் இருந்தன. பன்னிரண்டாவதாகத் தன் மகன் ஜெயபிரகாஷ் பெயர் வரவேண்டுமென்று மூன்று வருடமாக அலைந்தாள்.

ராணுவத்தில் இருந்தவன், மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து செத்துப்போனான். குண்டு பட்டுச் சாகவில்லை என்பதுதான் சிக்கல். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசுக்குப் போய் அர்ஜீ எழுதி மனு கொடுப்பாள். அங்கிருந்த குமாஸ்தா ஒரே பாட்டைத்தான் பாடுவார்: "முதல்ல பேரு நமோது ஆவணும்மா. ஆதாரம் வெச்சி நமோது பண்ணாத்தான் கல்லு." நமோது என்றால் பதிவு. எந்தப் புத்தகத்தில், யார் பதிவார்கள் என்பதை மட்டும் அவர் சொன்னதில்லை.

போன தை மாதம் தூணின் பின்புறம், ஆடிக்கொண்டிருந்த செங்கல்லுக்குள் ஒரு பிளாஸ்டிக் டப்பா அகப்பட்டது. உள்ளே சின்ன நோட்டு. பக்கம் பக்கமாகப் பெயர்கள், பக்கத்தில் தேதிகள். கூடவே ஒரு சாவி வளையம், சட்டைப் பித்தான், வெளிநாட்டு நாணயம். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பெயரும் தேதியும் ஆதாரமும் தூணுக்கடியிலேயே இருந்தால் அது வேறென்னவாக இருக்க முடியும்?

மறுநாள் அந்த நோட்டில் தெலுங்கெழுத்தில் மகன் பெயரையும் அவன் செத்த தேதியையும் எழுதினாள். ஆதாரமாக, அவன் தோளில் குத்தியிருந்த பித்தளை பேட்ஜை வைத்தாள். அவன் உடம்போடு இருந்ததென்று அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான்.

"நமோது ஆயிடுச்சி," என்று வாட்ச்மேன் நாகபூஷணத்திடம் சொன்னாள்.

"அப்போ கல்லு வெட்ற அன்னிக்கி எனக்கு பிரியாணி சுலோசனம்மா!"

அரசாங்கப் பொருளைச் சும்மா சும்மா தொடக்கூடாது என்று அவள் டப்பாவை மறுபடி திறக்கவில்லை. கல் வெட்டவும் யாரும் வரவில்லை.

சித்திரையில் ஒரு காலை, முதுகுப்பை மாட்டிய பெண் ஒருத்தி போனைப் பார்த்துக்கொண்டே வந்து, நேராகச் செங்கல்லை உருவினாள். சுலோசனா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"மேடம், ஆபீஸ்லேர்ந்து வந்திருக்கீங்களா? கல்லு எப்போ மேடம்?"

"எந்த ஆபீஸ்? நான் ஹரிப்ரியா, ஸ்ரீசிட்டியில வேலை செய்றேன் ஆன்ட்டி. இது ஜியோகேச்சிங். ஒரு வெளையாட்டு. ஒளிச்சி வெச்ச எடத்த போன் காட்டும். கண்டுபுடிச்சவங்க பேர் எழுதணும். உள்ள இருக்கிறதுல ஒண்ணு எடுத்துக்கலாம், பதிலுக்கு ஒண்ணு வெக்கணும்."

சுலோசனா டப்பாவைப் பிடுங்கிக் கவிழ்த்தாள். பேட்ஜ் இல்லை. கண்ணாடிக் கோலி ஒன்று புல்லில் உருண்டது.

ஹரிப்ரியா நோட்டைப் புரட்டினாள். குரல் இறங்கிவிட்டது. "யாரோ டூரிஸ்ட். மார்ச்ல 'பேட்ஜ் எடுத்தேன், கோலி வெச்சேன்'னு எழுதியிருக்காங்க. பட்டப்பேருதான் இருக்கு. இருங்க, மெசேஜ் பண்ணிப் பாக்கறேன்."

"அது என் புள்ளதும்மா. வெளையாட்டு சாமான் இல்ல."

ஹரிப்ரியா போனில் அந்தப் பட்டப்பெயரைத் தேடினாள். அப்படி யாரும் இப்போது இல்லை என்று வந்தது.

"திங்கக்கிழம இன்னாத்த எடுத்துக்கினு போவேன்?"

ஹரிப்ரியா குனிந்து கோலியைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

"பேனா குடு பாப்பா. வெளையாடறவங்க நடுவுல அவன் பேரு வேணாம்."

ஜெயபிரகாஷ் என்ற பெயரின் மேல் கோடு கிழித்தாள். அப்போதும் எழுத்து தெரிந்தது. தாள் கிழியும்வரை கிழித்துக்கொண்டே இருந்தாள்.