பரக்கத்து, ரெண்டு, மூண்டு

அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு எண் பழக்கவென்று நிறநிறமாய்ப் பிளாஸ்டிக் கட்டைகள் வாங்கியிருந்தார்கள். பழக்கதோஷம், ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. என்னுடைய கணக்குப் பாடம் நாறும். சிரிக்காதீர்கள், உண்மையாகவே நாறும். கண்டக்குழிப் பாலர் பாடசாலைக்கு நான் டீச்சராகப் போன புதிதில், எண்ணுவதற்கு எங்களிடம் இருந்தவை கடற்கரையில் பொறுக்கிய சிப்பியும் சோகியும்தான். எத்தனை தரம் கழுவினாலும் மத்தியான வெயிலில் அவை தம் குணத்தைக் காட்டிவிடும்.

அந்த நாற்றத்தோடு நினைவில் வருபவள் ரிஸ்மியா. ஐந்து வயது. ஒரு பிடி சிப்பியைப் பாயில் கொட்டினால், மற்றப் பிள்ளைகள் தொட்டுத் தொட்டு எண்ண, இவள் ஒரு பார்வை பார்த்து "ஏழு" என்பாள். ஏழேதான் இருக்கும். எனக்குப் புல்லரிக்கும்.

வாய்விட்டு எண்ணும்போதுதான் வில்லங்கம். "பரக்கத்து, ரெண்டு, மூண்டு..." கரையில் முதல் மீனை யாரும் ஒன்று என்று எண்ணுவதில்லை. பெருகட்டும் என்று 'பரக்கத்து' சொல்லித்தான் தொடங்குவார்கள். என் ஊரான பாலாவியில் எங்கள் உம்மா அரிசி அளப்பதும் அப்படித்தான். எனக்குத் தெரியாததல்ல. ஆனால் பயிற்சி முடித்த கையோடு வந்தவள், தலைக்கனம் சும்மா விடுமா? "ஸ்கூல்ல ஒண்டு எண்டுதான் சொல்லோணும் மகள்" என்று விடாமல் திருத்தினேன். கெட்டிக்காரி, ஒரு கிழமையில் திருந்திவிட்டாள்.

ஒரு நாள் தன் வாப்பாவின் தோணி கரைக்கு வந்ததும் ரிஸ்மியா ஓடிப்போய், எல்லோர் முன்னாலும் முதல் மீனைத் தூக்கி "ஒண்டு!" என்று கத்தியிருக்கிறாள். அதன்பிறகு பத்து நாள் வலை வெறுமையாகவே வந்தது.

வாப்பா பாடசாலை வாசலில் வந்து நின்றார். "புள்ளைக்குப் படிச்சுக் குடுத்தது போதும் டீச்சர்."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நானோ, "மீனுக்கும் எண்ணுக்கும் என்ன சம்பந்தம்?" என்று வாதாடினேன். அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போனார். பிறகு முதலாம் வகுப்பில் சேர்த்தார்கள். எண்ணச் சொன்னால் மட்டும் வாயே திறக்கமாட்டாள் என்று கேள்விப்பட்டேன். சில வருடத்தில் படிப்பும் நின்றுபோனது.

போன மாதம் கண்டக்குழிக்குப் போனேன். பாலர் பாடசாலை இருந்த இடத்தில் உல்லாச விடுதி. மீன் குறைந்து பல வருடமாம். தோணிகள் கிடந்த கரையிலிருந்து வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்குகிறார்கள். விடுதியின் பின்புறம் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள் ரிஸ்மியா. காய்ந்தவற்றை எண்ணி அடுக்க வேறொருத்தி வந்தாள்.

"நீயே எண்ணலாமே மகள்?" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"எல்லாம் என்ட பிழை, மன்னிச்சிக்க" என்றேன்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல அவள் சொன்னாள்: "உங்கள்ல என்ன பிழை டீச்சர்? மீனெல்லாம் போனது நான் சொன்னதாலதானே."