நாற்பத்திரண்டாவது குழாய்

எங்கள் கல்லூரி இணையதளத்தில் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு பக்கம் உண்டு. ஆய்வு ஆர்வங்கள், கற்பித்தல் ஆர்வங்கள் என்று இரண்டு பெட்டிகள். நான் வேதியியல்காரன்; இல்லாத ஆர்வத்தையெல்லாம் அள்ளிப்போட்டு நிரப்பிவிட்டேன். என் எதிர் மேசை எழில்மதி, உயிர்த்தகவலியல் ஆசிரியை, நிஜமாகவே ஆர்வம் உள்ளவர். அவர் பக்கம்தான் மூன்று வருடமாகக் காலி. முதல்வர் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்.

களமருதூர் விவசாயக் குடும்பத்துப் பெண். முனைவர் பட்டத்துக்காகக் கல்வராயன் மலையில் ஓர் ஊரில் நூற்றுப்பத்துப் பேரிடம் ரத்தம் எடுத்தார். சிலருக்குப் பிறவியிலேயே ஒரு குறை இருக்கும். மலேரியாவுக்குத் தரும் ஒரு மாத்திரை அவர்கள் ரத்தத்தை உடைத்துவிடும். அது யார் யாருக்கு என்று மரபணுவைக் கணினியில் படித்துச் சொல்வதுதான் ஆய்வு. பட்டம் வாங்கியதோடு அவர் நிற்கவில்லை. குறை உள்ளவர்களுக்கு மஞ்சள் கார்டு அச்சடித்து, மலையேறி, வீடு வீடாகக் கொடுத்தார். நானாக இருந்தால் செய்திருக்க மாட்டேன்.

ஆனால் தவறு அதற்கு முன்பே நடந்துவிட்டது. நாற்பத்தொன்றாம் குழாய் ரத்தத்தின் மரபணுவும் நாற்பத்திரண்டாம் குழாயினுடையதும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்தன. ரத்தம் கொடுத்தவர்களுக்கு பிஸ்கட் பாக்கெட் தந்திருந்தார்கள். ஒரே முகம் இரண்டு தடவை கை நீட்டியதும் அவருக்கு ஞாபகம் இருந்தது. எவனோ பிஸ்கட்டுக்காகப் பெயர் மாற்றிச் சொல்லி மறுபடி வரிசையில் நின்றிருக்கிறான் என்று சிரித்துக்கொண்டே கணினிப் பட்டியலிலிருந்து நாற்பத்திரண்டை நீக்கினார். ஒரே ஒரு வரிக் கட்டளை.

"நம்ம ஊர்ல ஒரே மாரி ரெண்டு பேர் வந்தா ரெட்டைப்புள்ளைங்கன்னு நெனச்சிருப்பேன் சார். மலைக்காரங்கன்னதும் பிஸ்கட்டுக்கு வந்தான்னு நெனச்சிட்டேன்" என்று ஒருநாள் என்னிடம் அழுதார்.

நாற்பத்தொன்று சின்னதுரை. நாற்பத்திரண்டு அவரோடு இரட்டையாகப் பிறந்த வீரமுத்து. கார்டு ஒன்றுதான் போனது. பிறகு வீரமுத்துவுக்கு மலேரியா வந்தது. கார்டு இல்லாததால் அந்த மாத்திரையைக் கொடுத்தார்கள். நாலாம் நாள் சிறுநீர் கறுத்தது. ஏழாம் நாள் இறந்துபோனார்.

அன்றிலிருந்து அந்த எண் எழில்மதியை விடவில்லை. வருகைப் பதிவில் நாற்பத்தொன்றுக்குப் பிறகு நாற்பத்து மூன்றுக்குத் தாவிவிடுவார். வகுப்பில் நாற்பத்திரண்டாம் எண் சுபஸ்ரீ, தான் தினமும் வந்தும் ஆப்சென்ட் ஆவதாக என்னிடம் முறையிட்டாள். பட்டியலில் ஒரு வரியை நீக்கும் முன் அதன் கதவைத் தட்டிக் கேளுங்கள் என்று எழில்மதி பாடம் நடத்துவார். கணினியில் ஏது கதவு என்று மாணவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

போன மாதம் சின்னதுரை எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். எழில்மதிக்கு முகம் வெளிறிவிட்டது. இறந்தவரின் முகமும் அதுதானே.

"கார்டு மழையில நனைஞ்சி பூடுச்சி மேடம். வேற ஒண்ணு குடுப்பீங்களா?"

அதுவரை அவரிடம் சொல்லாததை எழில்மதி அப்போது சொன்னார். பிஸ்கட் உட்பட எதையும் மறைக்கவில்லை. நான் அடி விழும் என்றுதான் பயந்தேன்.

சின்னதுரை தரையைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்கு ஏன் கார்டு வரலைன்னு கேட்டுக்கினே இருந்தான். உனக்கு ஒண்ணும் இல்ல, அதான் வரலைன்னு சொன்னேங்க. மாத்திரையும் நான்தான் வாயில போட்டேன். நான்தான் கொன்னுட்டேன்னு இத்தினி நாளா..." பிறகு கேட்டார்: "அவன் ரத்தம் இன்னும் கீதுங்களா?"

இருந்தது. எங்களை ஆய்வகத்துக்கு அழைத்துப் போய், உறைபெட்டியைத் திறந்து, பனி படிந்த குழாயை எடுத்து எழில்மதி அவர் கையில் கொடுத்தார். அவர் அதை இரண்டு உள்ளங்கைகளுக்குள்ளும் பொத்தி நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"இவனுக்குக் குளிரே ஆவாதுங்க. மார்கழியில என் போர்வையையும் சேர்த்து இழுத்துக்குவான்."

கதவு திறந்திருப்பதாக உறைபெட்டி கூவிக்கொண்டே இருந்தது. மூட எங்கள் மூவருக்கும் கை வரவில்லை.