பஞ்சு என்று நினைத்த இருமல்

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் தூக்கி வந்தேன். வாசல்படி ஏறுமுன் இருமலில் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. குடத்தை இறக்கி அதன் மேலேயே கையூன்றி நின்றேன். எண்பதுகளின் கடைசி அது. எனக்கு முப்பத்தொரு வயது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை.

எங்கள் ஊரில் யார் இருமினாலும் காரணம் பஞ்சுதான். நானும் டாக்டரிடம் நோயைச் சொல்லுமுன் காரணத்தைச் சொல்லிவிட்டேன். “மில்லுல வேலை சார். பஞ்சுதான்.” வீட்டில் ஆறு லவ் பேர்ட்ஸ் இருப்பதைச் சொல்லவில்லை. அதையெல்லாம் நோயில் சேர்ப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை என்று வந்தது. லீவு போட்டு வீட்டில் ஓய்வெடுக்கச் சொன்னார்.

அப்படிச் சுகமான நாட்கள் எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்த என் கணவர், கல்யாணமான வருஷம் மதுரையிலிருந்து ஒரு ஜோடி வாங்கி வந்தார். அதுதான் ஆறாகியிருந்தது. கூண்டுக்குக் கீழேயே பாய் விரித்துப் படுத்தேன். மத்தியானம் காய்ச்சல் ஏறும். கண்ணை மூடினால் பச்சையும் மஞ்சளுமாக ஏதோ மிதக்கும். திறந்தாலும் அதுவேதான் மிதக்கும். ஜன்னல் வெயிலில் இறகுத்தூள் இறங்கிக்கொண்டே இருக்கும். தினை உமி முகத்தில் விழும், துடைக்க மனம் வராது. அவை கொறிக்கும் சத்தத்தில் தூங்கி, அதே சத்தத்தில் விழிப்பேன். மணி என்ன என்று கேட்கத் தோன்றாது.

இரண்டு மாதத்தில் ரவிக்கையெல்லாம் தொளதொளத்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாத்தனார் வீட்டில் நாலு நாள் இருந்தபோது இருமல் குறைந்தது. வீடு திரும்பிய அன்று சாயங்காலமே காய்ச்சல். நாத்தனார் மறுபடியும் அழைத்து, அங்கிருந்த ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினாள். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார்.

“மில்லுக்குப் போயி ரெண்டு மாசமாச்சுங்கிறீங்க. அப்புறம் ஏம்மா கூடுது? வீட்டுல என்ன வளக்கிறீங்க?”

நோயின் பெயர் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் (மூச்சில் போகும் நுண்தூசியை உடம்பு பகையாக எண்ணி, நுரையீரலையே புண்ணாக்கிக்கொள்வது). ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) எழுதினார். “மருந்து பாதிதாம்மா. பறவைங்க வீட்டுல இருந்தா நுரையீரல் தழும்பாயிரும். திரும்பக் கெடைக்காது.”

வீட்டுக்கு வந்து அழுதேன். கொல்லைப்புறத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று சண்டை போட்டேன். என் கணவருக்கும் கண் கலங்கியிருந்தது.

“ஒனக்கு மூச்சு வரட்டும்ட்டி. அதுக எங்க போயிரப் போகுது? தங்கச்சி வீட்டுலதான இருக்கும்.”

கூண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனது. வீட்டைச் சுவரோடு கழுவினார். சில மாதங்களில் நான் மில்லுக்குத் திரும்பினேன். பஞ்சு ஒன்றும் உத்தமமில்லைதான், ஆனாலும் என் விஷயத்தில் அதன்மேல் வீண்பழி போட்டுவிட்டேன். உங்களுக்கும் மூச்சு இறுகினால், காரணத்தை நீங்களே தீர்மானித்துக்கொண்டு போகாதீர்கள். எங்கே இருந்தால் கூடுகிறது, எங்கே போனால் குறைகிறது என்று சொல்லுங்கள்.

காரணம் தெரிவதற்குள் நுரையீரலின் அடிப்பக்கம் தழும்பாகிவிட்டது. மூச்சை இழுத்தால் ஓரிடத்தில் போய் நின்றுவிடும். அதுவரை போகிறதே என்று இருக்கிறது. முன்பு ஒரு நடையில் முடித்த வேலைக்கு இப்போது மூன்று நடை. அவசரம் என்பது என் உடம்பிலிருந்து போய்விட்டது.

ஞாயிறுதோறும் அவர் பறவைகளைப் பார்க்கப் போவார். இறகுத்தூள் உடுப்பில் வந்துவிடும் என்று, திரும்பியதும் பின்வாசல் வழியே வந்து, உடுப்பை வாளியில் முக்கிவிட்டுக் குளித்த பிறகுதான் என்னிடம் வருவார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே சேதி வரும்.

“பச்சைக்காரி நாலு முட்டை விட்டிருக்காட்டி!”

“குளிச்சாச்சா?” என்பேன்.

“செத்த இரு. தலை துவட்டலை.”

“இருக்கேன்.”